1988 கேம்பர் வேனுக்கு டிடிஐ எஞ்சின்: ஒரு மாற்றத்தின் முழுப் பதிவு

பின்னணி

ஜெர்மனியின் கொலோன் நகரப் புறப்பகுதியில் வசிக்கும் ஒரு தம்பதியிடம் 1988-இல் முதன்முதலாகப் பதிவான ஃபோக்ஸ்வாகன் டி3 வேன் ஒன்று இருக்கிறது. உட்புறம் வெஸ்ட்ஃபாலியா என்ற நிறுவனம் அமைத்தது. கூரையை மேலே தூக்கலாம். எரிவாயு அடுப்பு, சிறிய தொட்டி, குளிர்பெட்டி எல்லாம் உண்டு. பின்னிருக்கையை மடக்கினால் இருவர் படுக்கலாம். அந்தப் படுக்கைக்கு நேர் கீழேதான் எஞ்சின். இதை நினைவில் வைத்துக்கொண்டு படித்தால் பின்னால் வரும் சிக்கல்களில் பாதி தாமாகவே விளங்கிவிடும்.

டி3 வரிசை 1979-இல் அறிமுகமானது. ஹனோவர் ஆலையில் 1990 வரையிலும், தென்னாப்பிரிக்காவில் 2002 வரையிலும் உருவானது. பின்புற எஞ்சின் என்ற பழைய மரபை அது விடவில்லை. தொடக்கத்தில் காற்றால் குளிரும் எஞ்சின்கள் வந்தன. பிறகு நீரால் குளிரும் தட்டை எஞ்சின்கள் வந்தன. டீசல் விரும்பியவர்களுக்கு கோல்ஃப் காரின் நேர்வரிசை எஞ்சினை 50 பாகை இடப்புறம் சாய்த்துப் பொருத்தினார்கள். சாய்க்காவிட்டால் படுக்கைக்கு அடியில் அது அடங்காது. இந்த வேனில் இருந்தது அப்படிச் சாய்த்து வைத்த 1.6 லிட்டர் டர்போ டீசல். தொழில் வட்டாரத்தில் ஜேஎக்ஸ் என்பார்கள். 70 குதிரைத்திறன், 138 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை, இன்டர்கூலர் (டர்போ அமுக்கும்போது சூடாகும் காற்றைக் குளிர்விக்கும் பாகம்) கிடையாது. முழுச் சுமையுடன் 2.4 டன்னை நெருங்கும் வண்டிக்கு இது போதும் என்று அன்று நினைத்தார்கள். சமவெளியில் போதும்தான்.

2018-இல் வண்டிக்கு முப்பது வயது நிறைந்ததும் உரிமையாளர்கள் ‘எச்’ எண் பலகை வாங்கிவிட்டார்கள். அசல் நிலை கெடாத பழைய வாகனங்களுக்கு ஜெர்மனி தரும் தனிப் பதிவு அது. எஞ்சின் அளவு எதுவானாலும் ஆண்டு வரி ஒரே தொகை, சுமார் 191 யூரோ. அதைவிடப் பெரிய சலுகை ஒன்றும் உண்டு: புகை அதிகமுள்ள வாகனங்களைத் தடுக்கும் நகரப் பகுதிகளான சுற்றுச்சூழல் மண்டலங்களுக்குள், கண்ணாடியில் ஒட்டும் அனுமதி வில்லை இல்லாமலே நுழையலாம். கொலோனில் 2008 முதல் அத்தகைய மண்டலம் இருக்கிறது. ‘எச்’ பறிபோனால் இந்தப் பழைய டீசல் நகருக்குள் வர முடியாது. எஞ்சின் மாற்றத்தின் ஒவ்வொரு முடிவின் பின்னாலும் இந்த ஓர் எழுத்து நின்றது.

வேலை நடந்தது ஒரு சிறிய பட்டறையில். வயரிங்கும் அளவீடுகளும் என் பொறுப்பில் இருந்தன. மெக்கானிக் வேலை முழுவதையும் டி3 வண்டிகளிலேயே வாழ்நாளைக் கழித்த மூத்தவர் ஒருவர் பார்த்தார்.

என்ன பழுது வந்தது

இலையுதிர்காலத்தில் வண்டி வந்தபோது உரிமையாளர் சொன்ன குறை ஒன்றுதான்: நீண்ட ஏற்றங்களில் வெப்பமானி முள் மேலேறுகிறது, குளிர்நீர் குறைகிறது, கீழே சொட்டுவதைக் கண்டதில்லை. ஆல்ப்ஸ் பயணத்தில் பிரென்னர் கணவாய்க்கு ஏறும்போது லாரிகளுக்குப் பின்னால் இரண்டாவது கியரில் ஊர்ந்ததாகவும், ஹீட்டரை முழுதாகத் திறந்துவைத்து ஜன்னல்களை இறக்கிவிட்டு ஏறியதாகவும் அவர் மனைவி சொன்னார். கோடையில் ஹீட்டரைத் திறந்து எஞ்சினைக் காப்பாற்றுவது டி3 டீசல்காரர்களுக்கு நன்றாகத் தெரிந்த வைத்தியம்.

குளிர்நீர்த் தொட்டியின் வாயில் சோதனைத் திரவக் குப்பியை வைத்துப் பார்த்தோம். டீசல் எரிந்த வாயு குளிர்நீரில் கலந்திருந்தால் நீலத் திரவம் பச்சையாக வேண்டும். எஞ்சின் சூடேறிய சில நிமிடங்களில் பச்சையானது. ஹெட்டை, அதாவது சிலிண்டர்களின் மேல்மூடியை, கழற்றியபோது வால்வுகளுக்கு இடையே விரிசல் தெளிவாகத் தெரிந்தது. ஜேஎக்ஸ் எஞ்சினின் குலநோய் அது. எரிபொருள் முதலில் ஹெட்டிலுள்ள சிறு அறையில் எரியும் முன்னறை எரிப்பு டீசல் என்பதால் வெப்பத்தின் பெரும் பங்கு ஹெட்டுக்கும் குளிர்நீருக்கும் போகிறது. ரேடியேட்டரோ வண்டியின் மூக்கில் இருக்கிறது, எஞ்சின் வாலில். இடையே தரைக்கடியில் ஓடும் நீண்ட குழாய்களில் காற்றுக்குமிழி ஒன்று தங்கினாலும் ஹெட் தாங்காது. சிலிண்டர்களிலும் தேய்மானம் இருந்தது. நான்கில் ஒன்றில் அமுக்கம் மற்றவற்றைவிடக் கணிசமாகக் குறைந்திருந்தது.

ஹெட்டை மட்டும் மாற்றுவதில் பொருளில்லை என்பது அப்போதே தெரிந்துவிட்டது. முழு எஞ்சினையும் புதுப்பிக்கலாம் அல்லது வேறு எஞ்சின் போடலாம். இரண்டின் உதிரிபாகச் செலவும் ஏறக்குறைய ஒன்றாகவே வந்தது. உரிமையாளர்கள் மாற்றத்தையே விரும்பினார்கள்.

எந்த எஞ்சின்: தேர்வும் காரணமும்

மேசைக்கு நான்கு பெயர்கள் வந்தன. புதிய 2.0 லிட்டர் காமன் ரெயில் டீசல், 1.8 லிட்டர் பெட்ரோல் டர்போ, 110 குதிரைத்திறன் கொண்ட 1.9 டிடிஐ, 90 குதிரைத்திறன் கொண்ட 1.9 டிடிஐ. டிடிஐ என்பது ஃபோக்ஸ்வாகன் குழுமத்தின் டர்போ டீசல்; அதில் முன்னறை கிடையாது, எரிபொருள் நேராகச் சிலிண்டருக்குள்ளேயே எரியும்.

முதலாவது முதல் சுற்றிலேயே விழுந்தது. அந்த எஞ்சின் தனியாக வராது. துகள் வடிகட்டி, அதன் அழுத்த உணரிகள், திருட்டைத் தடுக்கும் இம்மொபிலைசர், டேஷ்போர்டு கணினி என்று ஒரு குடும்பமே கூட வர வேண்டும். ஒருவர் வராவிட்டாலும் எஞ்சின் அவசர நிலைக்குப் போய்விடும். 1995-இல் அறிமுகமான பெட்ரோல் டர்போ உண்மையில் இனிமையான எஞ்சின், 150 குதிரைத்திறன். ஆனால் சுவர் போன்ற முகப்புடைய இந்த வண்டியில் அது எவ்வளவு குடிக்கும் என்பதை உரிமையாளர் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு மௌனமானார்.

மீதி இரண்டு. இங்கேதான் ‘எச்’ குறுக்கே வந்தது. எதையும் வாங்குவதற்கு முன்பே தனி அனுமதிக்குக் கையெழுத்திடும் ஆய்வாளரைச் சந்திக்க வேண்டும் என்று மெக்கானிக் பிடிவாதமாக இருந்தார். ஜெர்மன் வாகன அனுமதிச் சட்டத்தின் 21-ஆம் பிரிவின் கீழ் நடக்கும் இந்த ஆய்வில் முழுப் பொறுப்பும் ஒரு தனி மனிதரின் கையெழுத்தில் இருக்கிறது. வேலையை முடித்துவிட்டு அவரிடம் போவது பெண் பார்க்காமல் பத்திரிகை அடிப்பது மாதிரி.

ஆய்வாளர் கேட்டவை இரண்டு. முதலாவது, இந்த மாற்றம் வண்டி பதிவாகிப் பத்து ஆண்டுகளுக்குள் நடந்திருக்கக் கூடியதா? பழைய வாகனங்களுக்கான வழிகாட்டுதலில் அக்கால மாற்றங்களை ஏற்கும் இடம் அது. 1988 வண்டிக்கு எல்லை 1998. 1.9 டிடிஐ 1991-இல் ஆடி 80 காரில் வந்துவிட்டது. 110 குதிரைத்திறன் வடிவமும் தொண்ணூறுகளின் நடுப்பகுதிக்கு உரியது. இரண்டும் எல்லைக்குள். இரண்டாவது, பிரேக். இதே டி3 வரிசையில் ஆலையே 112 குதிரைத்திறன் கொண்ட 2.1 லிட்டர் பெட்ரோல் எஞ்சினைப் பொருத்தி விற்றிருக்கிறது. அதைத் தாண்டாதவரை அசல் பிரேக் அமைப்பு நல்ல நிலையில் இருந்தால் போதும் என்றார். “ஆனால் எஞ்சினோடு வந்த புகை கட்டுப்பாட்டுப் பாகம் ஒன்றுகூடக் குறையக் கூடாது. வெளியேறும் வாயுவைத் திருப்பிவிடும் வால்வை அடைத்துவிட்டு என்னிடம் வராதீர்கள்” என்று முடித்தார். இன்னொரு ஆய்வாளர் முற்றிலும் வேறு பதில் சொல்லியிருக்கலாம். இந்த விஷயத்தில் நாடு முழுவதற்கும் ஒரே தீர்ப்பு கிடையாது.

காகிதத்தில் இரண்டும் சமமாகிவிட்டதால் முடிவு கியர் பெட்டியிடம் போனது. டி3-இன் ஐந்து கியர் பெட்டி 138 நியூட்டன் மீட்டர் தரும் எஞ்சினோடு முப்பதாண்டு வாழ்ந்தது. 90 குதிரைத்திறன் டிடிஐ நிமிடத்துக்கு 1,900 சுழற்சியிலேயே 202 நியூட்டன் மீட்டர் தருகிறது. 110-க்கு அது 235. முன்னதே பழையதைவிட ஏறக்குறைய பாதி அதிகம். 110-இல் டர்போவின் இறகுகள் அசையும் வகை. சாய்ந்து கிடக்கும் எஞ்சினில் அழுக்கும் சூடும் சேரும் இடத்தில் அசையும் பாகம் ஒன்று கூடுதலாக வேண்டுமா என்ற கேள்வியும் இருந்தது. உரிமையாளரின் மைத்துனர் 110-க்காக வாதாடினார். வண்டியை ஓட்டப்போவது அவரல்ல என்பதால் 90 முடிவாயிற்று. 1995 மாடல் பழைய பஸாட் கார் ஒன்று எஞ்சின், வயரிங் கட்டு, கட்டுப்பாட்டுக் கணினி, மிதி உணரி சகிதம் முழுதாகக் கிடைத்தது. இம்மொபிலைசர் வருவதற்கு முந்தைய கார் அது. எனக்கு அதுவே பாதி வேலை மிச்சம்.

குளிர்கால வேலை

பழைய 1.6-உம் புதிய 1.9-உம் ஒரே குடும்பத்து வார்ப்புகள் என்பதால் வெளியிலிருந்து பார்ப்பவர் நினைக்கும் அளவுக்குப் பொருத்துவது கடினமில்லை. ஜேஎக்ஸின் சாய்ந்த ஆயில் சம்ப் (எண்ணெய் தேங்கும் அடித்தொட்டி), எண்ணெய் உறிஞ்சும் குழாய், தாங்கிகள், ஃப்ளைவீல் ஆகியவை புதிய எஞ்சினுக்கு மாறின. கிளட்ச் புதிது. டைமிங் பெல்ட், நீர் பம்பு, முன் பின் எண்ணெய் சீல்கள் எல்லாவற்றையும் எஞ்சின் மேசையில் இருக்கும்போதே மாற்றினோம். எண்ணெய் ஊற்றும் வாயும் அளவுகோலும் இந்த வண்டியில் பின் எண் பலகைக்குப் பின்னால் உள்ள சிறு கதவுக்குள் இருக்கும். அந்த ஏற்பாட்டை அப்படியே காத்தோம்.

சிரமம் கொடுத்தது டர்போவின் எண்ணெய் திரும்பும் குழாய். பஸாட்டில் எஞ்சின் கிட்டத்தட்ட நிமிர்ந்து நிற்பதால் டர்போ உயரத்தில் இருக்கும். எண்ணெய் தானாக இறங்கிவிடும். டி3-இல் 50 பாகை சாய்த்ததும் வெளியேற்றப் பக்கம் தாழ்ந்துபோகிறது. குழாய்க்குக் கிடைத்த சரிவு விரலகலம்தான். முதலில் அமைத்த வழியில் வண்டியைச் சரிவில் நிறுத்திவிட்டு மறுநாள் கிளப்பினால் நீலப் புகை வந்தது. எண்ணெய் திரும்ப முடியாமல் டர்போ சீலைத் தாண்டி உள்ளே கசிந்திருக்கிறது. சம்பைக் கழற்றி, எண்ணெய் மட்டத்துக்கு மேலே புதிய வாய் பற்றவைத்து, குழாயைத் தடிமனாக்கி வளைவில்லாமல் இறக்கிய பிறகு புகை நின்றது.

வயரிங்கில் மூன்று விஷயங்கள் மட்டும் சொல்லத் தக்கவை. இந்த எஞ்சினில் மிதிக்கும் பம்புக்கும் இடையே கேபிள் கிடையாது; மிதியில் ஒரு மின் உணரி இருக்கிறது. அதை டி3-இன் மிதிக்கு அடியில் பொருத்த ஒரு தகட்டை மூன்று தடவை வளைக்க வேண்டியிருந்தது. மிதி அடித்தளம் தொடும் முன்பே உணரி முழுவீச்சைக் காட்ட வேண்டும், இல்லையென்றால் சில குதிரைகள் லாயத்திலேயே தங்கிவிடும். இரண்டாவது, வேக சமிக்ஞை. டி3-இன் வேகமானி சுழலும் கம்பியால் இயங்குவது. கணினிக்கோ மின் துடிப்பு வேண்டும். கம்பியின் நடுவே ஒரு ஹால் உணரியைச் சேர்த்தோம். மூன்றாவது, கணினிக்கு மின்சாரம் தரும் ரிலே. 109 என்று அச்சிட்ட அந்தச் சின்னச் சதுரம் இந்த எஞ்சின்களில் அடிக்கடி கெடுவது ஊரறிந்தது. உள்ளே பற்றாசில் விரிசல் விழுந்து, சூடானதும் தொடர்பு விட்டுப்போகும். பழையதைத் திறந்து உருப்பெருக்கியில் பார்த்தபோது இரண்டு கால்களைச் சுற்றி முடிபோன்ற வளையங்கள் தெரிந்தன. புதிது போட்டு, உபரி ஒன்றை உரிமையாளரின் கருவிப்பெட்டியில் வைத்தோம். கணினியை எஞ்சின் அறையில் வைக்காமல் பின்னிருக்கைக்குக் கீழே, ஈரம் எட்டாத இடத்தில் வைத்தோம்.

இன்டர்கூலர் எங்கே என்பதில் இரண்டு கருத்துகள். வண்டியின் பின் தூண்களில் இருபுறமும் காற்றுவாய்கள் உண்டு. இடப்பக்கத்தது காற்று வடிகட்டிக்குப் போகிறது. வலப்பக்க வாய்க்குப் பின்னால் இன்டர்கூலரை நிற்கவைப்பது குழாய்க்கு வசதி, பார்வைக்கும் அசலாக இருக்கும். அதையே தேர்ந்தோம். காரணம் எளிது: ‘எச்’ ஆய்வில் வெளியே எதுவும் தெரியக் கூடாது.

அனுமதி

வசந்தத்தில் ஆய்வு நடந்தது. புகைச் சோதனை, இரைச்சல் அளவீடு, சாலை ஓட்டம், பிரேக் உருளைச் சோதனை. பிரேக் டிஸ்க்குகள், குழாய்கள், பின் உருளைகள் அனைத்தும் ஏற்கெனவே புதிது. பஸாட்டின் எஞ்சின் எண், அதன் அசல் புகைச் சான்று, ஒவ்வொரு பாகத்தின் படம் எல்லாம் ஒரே கோப்பில் இருந்தன. ஆய்வாளர் படங்களைப் பார்த்த நேரம் வண்டியைப் பார்த்த நேரத்தைவிட அதிகம். பதிவுச் சான்றிதழில் புதிய எஞ்சின் ஏறியது, ‘எச்’ நிலைத்தது.

முதல் கோடை

சமவெளியில் வண்டி மாறிப்போயிருந்தது. நெடுஞ்சாலையில் லாரியை முந்துவதற்கு முன் பெருமூச்சு விட வேண்டியதில்லை. குளிர்நீர் வெப்பம் ஒரு கோட்டில் நின்றது. நேரடி எரிப்பு டீசல் குளிர்நீருக்குத் தரும் வெப்பம் பழையதைவிடக் குறைவு என்பதால் அசல் ரேடியேட்டரே தாராளம். எரிபொருள் செலவு நூறு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய பத்து லிட்டரிலிருந்து எட்டுக்குக் கீழே இறங்கியதாக உரிமையாளர் குறித்துவைத்திருக்கிறார்.

மலையில் கதை வேறு. ஆஸ்திரியாவில் நீண்ட ஏற்றம் ஒன்றில் பத்து நிமிடம் கழித்து இழுவை தளர்ந்தது. எச்சரிக்கை விளக்கு எதுவும் எரியவில்லை. சமதரைக்கு வந்ததும் பழைய வலிமை திரும்பியது. படுக்கையின் மெத்தை தொட முடியாத சூடு என்று உரிமையாளரின் மனைவி தொலைபேசியில் சொன்னதுதான் எங்களுக்குக் கிடைத்த நல்ல தடயம்.

திரும்பி வந்ததும் கணினியோடு மடிக்கணினியை இணைத்து, வண்டியில் நீர்க்குடங்களை ஏற்றி, அருகிலுள்ள மலைப்பாதையில் பதிவு எடுத்தோம். குளிர்நீர் சீராக இருந்தது. எஞ்சினுக்குள் போகும் காற்றின் வெப்பமோ 50 கி.மீ. வேக ஏற்றத்தில் 80 பாகையைத் தாண்டியது. இன்டர்கூலர் தன் வேலையைச் செய்யவில்லை. ஏன் என்று அறிய மெக்கானிக் செய்தது எனக்குப் பிடித்த சோதனை: வலப்பக்கக் காற்றுவாயின் தகடுகளில் சிவப்புக் கம்பளி நூல்களை ஒட்டிவிட்டு, பக்கத்து வண்டியிலிருந்து பார்க்கச் சொன்னார். நெடுஞ்சாலை வேகத்தில் நூல்கள் உள்நோக்கி இழுபட்டன. ஏற்ற வேகத்தில் தொங்கின. சில சமயம் வெளியே பறந்தன. எஞ்சின் அறையின் சூடான காற்று அந்த வாய் வழியாகத்தான் தப்பித்துக்கொண்டிருந்தது. இன்டர்கூலர் அந்தச் சூட்டில் குளித்துக்கொண்டிருந்தது.

எஞ்சின் மூடியைத் தூக்கிப் பார்த்தால் சாட்சி கண்ணெதிரே இருந்தது. டர்போவுக்கு மேலிருந்த ஒலித்தடுப்புப் பஞ்சு உருகி, விளிம்பில் பழுப்புத் துளிகளாக உறைந்திருந்தது. அதற்கு மேலே ஒரு பலகை, அதற்கு மேலே மெத்தை. அது தீயாக மாறாததை அதிர்ஷ்டத்தின் கணக்கில்தான் எழுத வேண்டும்.

திருத்தம் நான்கு அடுக்காக நடந்தது. டர்போவுக்கும் வெளியேற்றக் குழாய்க்கும் வெப்பக் கவசம். பஞ்சை முழுதும் அகற்றி எரியாத அலுமினியம் பூசிய தடுப்பு. டர்போ பக்கத்துக்கும் இன்டர்கூலர் பக்கத்துக்கும் நடுவே தகட்டுச் சுவர். இன்டர்கூலரைச் சுற்றிக் கசிவில்லாத பெட்டி கட்டி, வெளிக்காற்றை இழுத்துக் கீழே தள்ளும் மின்விசிறியை வெப்ப ஸ்விட்ச்சோடு இணைத்தோம். அதே மலை, அதே குடங்கள். உள்காற்று 60 பாகையை ஒட்டி நின்றது. இழுவை தளரவில்லை. புதிய தடுப்பையும் விசிறியையும் ஆய்வாளரிடம் காட்டிக் கோப்பில் சேர்த்தோம்.

கியர் பெட்டி

அசல் கியர் விகிதம் குட்டையானது. மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் எஞ்சின் சுமார் 3,400 சுழற்சியில் ஓடியது. 4,000-இல் உச்ச சக்தி தரும் டிடிஐக்கு இது வீணான இரைச்சல். நேரடி எரிப்பு டீசலின் கடகடப்பு பழையதைவிடக் கரடு என்பதால், பேச்சுக் கேட்க வேண்டுமானால் 90-இல் போக வேண்டியிருந்தது. கியரை நீட்டலாம் என்ற யோசனை வேலையின் தொடக்கத்திலேயே வந்தது. பணம் காரணமாக ஒத்திவைக்கப்பட்டது.

இரண்டாம் ஆண்டு எண்ணெய் மாற்றும்போது வடிகால் திருகின் காந்தத்தில் வழக்கமான சாம்பல் பசைக்குப் பதிலாகச் செதில்கள் இருந்தன. நகத்தால் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தால் பளபளக்கும் அளவு. கியர் எதுவும் நழுவவில்லை, சத்தமும் இல்லை. திறந்து பார்த்ததில் மூன்று, நான்காம் கியர்களின் மையச் சக்கரத்தில் விரிசல் தொடங்கியிருந்தது. குறைந்த சுழற்சியில் முழு மிதி கொடுத்து ஏறும் பழக்கம்தான் பெரும்பாலும் காரணம். பழைய எஞ்சினில் அப்படி மிதித்தால் எதுவும் நடக்காது, அதனால் அப்பழக்கம் தண்டனையில்லாமல் வளர்ந்திருந்தது. புதியதில் 1,900-இல் முழு முறுக்குவிசையும் அந்தப் பற்களின் மேல் விழுகிறது.

பெட்டியைப் புதுப்பிக்கும்போதே ஐந்தாம் கியரை நீட்டினோம். 100 கி.மீ. வேகத்தில் இப்போது 2,800. உரிமையாளருக்கு ஒரு விதி சொல்லப்பட்டது: 1,800-க்குக் கீழே முழு மிதி வேண்டாம், கியரை இறக்குங்கள். டேஷ்போர்டில் சுழற்சிமானி இல்லாத வண்டி அது. அவருக்காகவே ஒன்று பொருத்தினோம். அவர் மைத்துனர் அந்தச் சமயத்தில் கணினி நிரலை மாற்றிச் சக்தியைக் கூட்டலாமா என்று கேட்டார். மெக்கானிக் விரிசல் விழுந்த சக்கரத்தை அவர் கையில் கொடுத்தார். பேச்சு அதோடு முடிந்தது.

விளைவு

இப்போது வண்டி நன்றாக ஓடுகிறது. மலைகளில் மூன்றாவது கியரில் லாரிகளைக் கடக்கிறது. ‘எச்’ இருக்கிறது. மொத்தச் செலவு, கியர் பெட்டியையும் சேர்த்து, பழைய எஞ்சினைப் புதுப்பித்திருந்தால் ஆகியிருக்கும் தொகையைப்போல் இரண்டு மடங்கை நெருங்கியது. உதிரிபாகம் ஏறக்குறைய ஒன்று என்ற தொடக்கக் கணக்கு எஞ்சினை மட்டும் எண்ணியது. அதைச் சுற்றியுள்ளவற்றை எண்ணவில்லை. உரிமையாளர்கள் இந்தத் தொகைக்கு வருந்துவதாகச் சொல்லவில்லை. வேறு யாரேனும் சிக்கனத்துக்காக இதைச் செய்ய நினைத்தால் நான் தடுப்பேன்.

தீராத குறை ஒன்று இருக்கிறது. எஞ்சின் வெப்பத்தை வீணாக்காததால் குளிர்காலத்தில் ஹீட்டர் வெதுவெதுப்போடு நின்றுவிடுகிறது. பழைய எஞ்சின் கோடையில் வதைத்தது, புதியது ஜனவரியில் விறைக்கவைக்கிறது.

மறுமுறை செய்தால்

ஆய்வாளரை முதலில் சந்தித்ததை மாற்ற மாட்டோம். எஞ்சின் தேர்வையும் மாற்ற மாட்டோம். மாறுவது வரிசை. கியர் பெட்டியை எஞ்சினோடு சேர்த்தே இறக்கி, திறந்து, அப்போதே விகிதத்தை மாற்றிவிடுவோம். பெட்டியை இரண்டாம் முறை இறக்கிய கூலி மட்டுமே புதிய ஐந்தாம் கியரின் விலையில் கணிசமான பங்கு. பணம் இல்லையென்றால் எஞ்சின் வேலையையே ஓர் ஆண்டு தள்ளிப்போடலாம் என்பது மெக்கானிக்கின் கருத்து. எனக்கும் அதில் மாற்றுக் கருத்தில்லை.

கம்பளி நூல் சோதனையைப் பழைய எஞ்சின் ஓடும்போதே செய்துவிடலாம். எந்த வாயில் எந்த வேகத்தில் காற்று எப்பக்கம் போகிறது என்பது எஞ்சின் மாறினாலும் பெரிதாக மாறாது. அதைப் பார்த்த பிறகே இன்டர்கூலருக்கு இடம் குறிக்க வேண்டும்.

உள்காற்று வெப்பத்தைக் காட்டும் சிறிய மானி ஒன்றும் முதல் நாளிலிருந்தே ஓட்டுநரின் கண்ணில் படும்படி இருக்க வேண்டும். குளிர்நீர் முள்ளை மட்டும் பார்த்துப் பழகியவருக்கு அது நிமிர்ந்து நின்றால் எல்லாம் சரி என்று தோன்றும். இந்த வண்டியில் முள் சரியாக நின்றுகொண்டிருக்கும்போதுதான் மெத்தைக்குக் கீழே பஞ்சு உருகியது.

படுக்கைக்கு அடியிலுள்ள ஒலித்தடுப்பு எதுவாயினும், எரியாத பொருளா என்று சிறு துண்டைத் தீயில் காட்டிப் பார்த்துவிட்டே இனி ஒட்டுகிறோம். இது டி3 மட்டுமின்றி, பட்டறைக்கு வரும் எல்லா கேம்பர்களுக்கும் பொருந்தும். ஹீட்டருக்கு டீசலில் எரியும் துணைச் சூடேற்றி ஒன்றை முன்னிருக்கைக்குக் கீழே பொருத்துவதாகப் பேச்சு இருக்கிறது. அதற்கும் முதலில் ஆய்வாளரிடம்தான் போக வேண்டும்.